நிலவைப் பார்த்து டிக்கெட் எடுங்கள்: எல்லையோரத் தமிழர்களுக்கு இலங்கைத் திருவிழா வழிகாட்டி

கேரளத்தில் குளத்தூப்புழைப் பக்கம் எங்கள் தோட்டத்து வீடுகளில் சுவருக்கு இரண்டு காலண்டர் தொங்கும். ஒன்று தமிழ், இன்னொன்று மலையாளம். அப்பாயி மட்டும் மூன்றாவதாக ஒன்றை மனதிலேயே வைத்திருந்தார். ஒவ்வொரு பௌர்ணமிக்கும் முற்றத்தில் நின்று மேலே பார்த்து, "இன்னைக்கு அங்க போயா, கடையெல்லாம் சாத்தியிருக்கும்" என்பார். அங்கே என்றால் இலங்கை. இலங்கைத் தோட்டத் தமிழர்களில் பலரை இந்தியாவுக்கு அனுப்பிய, 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தால் ஊர் மாறியவர்களில் எங்கள் குடும்பமும் ஒன்று. தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்துவிட்டு, கடைசியில் புனலூரை அடுத்த இந்த ரப்பர் தோட்டங்களுக்கு வந்தவர்கள்.

இப்போது எங்கள் பக்கத்திலிருந்தும், மலைக்கு அந்தப் பக்கம் செங்கோட்டை, தென்காசியிலிருந்தும் பலர் இலங்கைக்குப் போகிறார்கள். பெரும்பாலோர் லீவு கிடைக்கும் நாளில் டிக்கெட் எடுத்துவிட்டு, போய் இறங்கிய பிறகுதான் அங்கே என்ன விசேஷம் என்று கேட்கிறார்கள். நேற்று முடிந்த தேரையும் அடுத்த வாரம் ஏறப்போகும் கொடியையும் பற்றிக் கேட்டுக்கொண்டு திரும்புகிறார்கள். வரிசையை மாற்றினால் போதும். முதலில் நிலவு, பிறகு ஊர், அதன்பின் லீவு, கடைசியில் டிக்கெட். இந்த வழிகாட்டியும் அதே வரிசையில்தான் போகிறது.

முதல் படி: பௌர்ணமிகளைக் குறித்துக்கொள்ளுங்கள்

இலங்கையில் ஒவ்வொரு பௌர்ணமியும் அரசு விடுமுறை. அதற்குப் பெயர் போயா. அங்குள்ள தமிழர்கள் பூரணை என்றும் சொல்வார்கள். ஆண்டுக்கு 12 வரும், சில ஆண்டுகளில் 13. ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர் உண்டு. ஜனவரியில் துருத்து, பிப்ரவரியில் நவம், மே மாதம் வெசாக், ஜூனில் பொசொன், ஜூலையில் எசல, ஆகஸ்டில் நிகினி, டிசம்பரில் உந்துவப். மற்றவற்றை இப்போதைக்கு விட்டுவிடலாம். போயா அன்று மது விற்கக் கூடாது, இறைச்சிக் கடைகளும் மூடியிருக்கும். அரசு அலுவலகமும் வங்கியும் கிடையாது. பணம் மாற்றுவது, சிம் கார்டு வாங்குவது போன்ற வேலைகளை முந்தைய நாளே முடித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வீட்டுக் காலண்டரே இதற்குப் போதும். மலையாள மாதமும் தமிழ் மாதமும் அநேகமாக ஒன்றாகவே ஓடுபவை: மேடம் சித்திரை, இடவம் வைகாசி, மிதுனம் ஆனி, கர்க்கடகம் ஆடி, சிங்ஙம் ஆவணி, கும்பம் மாசி. பௌர்ணமிகளை எல்லாம் சிவப்புப் பேனாவால் வட்டமிடுங்கள், அமாவாசைகளை நீலத்தால். இலங்கையின் பெரிய விழாக்கள் ஏறக்குறைய எல்லாமே இந்த வட்டங்களில் ஒன்றைத் தொட்டுத்தான் நிற்கும். தைப்பொங்கலும் சித்திரைப் புத்தாண்டும் சூரியனைப் பின்பற்றுபவை. கிறிஸ்தவத் திருநாள்களில் பல ஆங்கிலத் தேதியில் வருபவை.

ஒரு விழா அடுத்த ஆண்டு எந்தத் தேதிக்கு நகரும் என்பதற்கும் எளிய கணக்கு உண்டு. கண்டியில் நடக்கும் பௌத்த யானை ஊர்வலமான பெரஹரவின் கடைசி இரவு நிகினி பௌர்ணமியில் வரும். அது 2023இல் ஆகஸ்ட் 30, 2024இல் ஆகஸ்ட் 19, 2025இல் ஆகஸ்ட் 8. ஆண்டுக்கு 11 நாள் பின்னோக்கி நகர்வது தெரிகிறதா? இப்படி நகர்ந்துகொண்டே வந்து, அதிக மாதம் ஒன்று சேரும் ஆண்டில் திரும்ப முன்னே தாவும். அதிக மாதத்துப் பௌர்ணமியை 'அதி' என்ற முன்னொட்டோடு அங்கே சொல்வார்கள். 2023இல் அதி எசல, எசல என்று இரண்டு வந்தன.

இரண்டாம் படி: நல்லூர்க் கணக்கைப் பழகிக்கொள்ளுங்கள்

யாழ்ப்பாணம் நல்லூர் கந்தசுவாமி கோவில் திருவிழா 25 நாள். ஆடி அமாவாசையை ஒன்று என்று வைத்து எண்ணினால் ஆறாம் நாள் கொடியேற்றம். 24ஆம் நாள் தேர், 25ஆம் நாள் தீர்த்தம். 2025இல் ஆடி அமாவாசை ஜூலை 24. கொடி ஜூலை 29, தேர் ஆகஸ்ட் 21. 2024இல் அமாவாசை ஆகஸ்ட் 4. கொடி ஆகஸ்ட் 9, தேர் செப்டம்பர் 1. கேரளத்தில் இருக்கும் நமக்கு இது இன்னும் சுலபம். கர்க்கடக வாவுக்கு ஆற்றங்கரையில் பலி போடும் நாள்தான் ஆடி அமாவாசை. அதிலிருந்து விரல் விட்டு எண்ணிக்கொள்ளலாம்.

ஆனால் இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். வாவும் ஆடி அமாவாசையும் சில ஆண்டுகளில் ஒரு நாள் தள்ளி வரும். 2024இல் கேரளத்தில் வாவு ஆகஸ்ட் 3, தமிழ்நாட்டில் அமாவாசை 4. இரண்டாவது சிக்கல் பெரியது. 2023இல் ஆடி மாதத்துக்குள்ளேயே இரண்டு அமாவாசைகள் வந்தன. நாம் ஜூலை 17 அன்று பலி போட்டோம். நல்லூரில் ஆகஸ்ட் 16 அமாவாசையைக் கணக்கில் எடுத்து 21ஆம் தேதிதான் கொடி ஏறியது. வாவை நம்பி டிக்கெட் எடுத்திருந்தால் ஒரு மாதம் முன்னதாகப் போய் நின்றிருப்போம். மாதத்தில் இரண்டு அமாவாசை தென்பட்டால், கோவில் நாள்களை அறிவிக்கும் வரை பொறுத்திருங்கள். வாக்கியம், திருக்கணிதம் என இரண்டு பஞ்சாங்கங்களும் யாழ்ப்பாணத்தில் புழக்கத்தில் உள்ளன. அதனால் சிறிய கோவில்களின் நாளையும் அந்தந்தக் கோவிலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

இந்தக் கணக்கில் எனக்கு மிகப் பிடித்தது ஒன்று இருக்கிறது. கண்டியும் நல்லூரும் ஒரே நிலவில் கட்டப்பட்டவை. நிகினி பௌர்ணமி கழிந்து 13 அல்லது 14 நாளில் நல்லூர்த் தேர். மேலே சொன்ன மூன்று ஆண்டுகளையும் வைத்துப் பாருங்கள், பொருந்தும். ஆகவே ஒரே பயணத்தில் பௌத்தர்களின் பெரிய ஊர்வலத்தையும் தமிழர்களின் பெரிய தேரையும் பார்த்துவிட முடியும். அதற்கு இரண்டரை முதல் மூன்று வாரம் வேண்டும்.

மூன்றாம் படி: மழையைக் கேட்டுவிட்டு ஊரைத் தேர்ந்தெடுங்கள்

நம் இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையும் கொழும்பு, கண்டி, அட்டன் பக்கத்து மழையும் ஒரே மழைதான். மே கடைசியில் தொடங்கி செப்டம்பர் வரை தீவின் தென்மேற்கும் மலையகமும் நனையும். அந்த நேரம் யாழ்ப்பாணமும் மட்டக்களப்பும் காய்ந்து கிடக்கும். அக்டோபர் முதல் ஜனவரி வரை துலாவர்ஷம் போல வடகிழக்குப் பருவமழை. வடக்கும் கிழக்கும் அப்போது நனைகின்றன. ஆக, நல்லூருக்குப் போகிறவர்கள் தண்ணீர் பாட்டிலும் குடையும் வெயிலுக்காக எடுத்துக்கொள்ள வேண்டும். கண்டிக்குப் போகிறவர்களுக்கும் குடை வேண்டும், மழைக்காக. மழைக்கவசம் கட்டாத ரப்பர் மரங்களில் பால் வெட்டு நின்றிருக்கும் மாதங்கள் இவை என்பதால், எங்கள் தோட்டத்து ஆட்களுக்கு ஆடி, ஆவணிப் பயணம் வசதிப்படும்.

நான்காம் படி: எந்த விழா என்று முடிவு செய்யுங்கள்

எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் பார்க்க முடியாது. எது உங்களுக்கு என்று தேர்ந்தெடுக்க உதவும்படி சொல்கிறேன்.

தைப்பொங்கல் யாழ்ப்பாணத்தில் வெடிச் சத்தத்தோடு விடியும். பொங்கி வழியும்போது பட்டாசு கொளுத்துவது அங்கே வழக்கம். அன்று மாலை வல்வெட்டித்துறைக் கடற்கரையில் பட்டத் திருவிழா நடக்கும். வானத்தில் கப்பலும் பறவையும் பாம்பும் பறக்கும். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு இதைவிட நல்ல நாள் கிடைக்காது. மாசியில் மன்னார் திருக்கேதீச்சரத்தில் சிவராத்திரி, மாத்தளை முத்துமாரியம்மனுக்கு மாசி மகத்தில் ஐந்து தேர்கள். மலையகத் தோட்டங்களில் அதே மாசியில் மன்மதன் கதையை ஆடும் காமன் கூத்து. அமாவாசை கழிந்து மூன்றாம் நாள் காமன் ஊன்றி, பௌர்ணமியில் எரிப்பார்கள். கச்சத்தீவு அந்தோனியார் திருவிழா பிப்ரவரி, மார்ச்சில் வரும். அதற்கு ராமேசுவரத்தில் பதிவு செய்து படகில் போவது தனி ஏற்பாடு.

சித்திரைப் புத்தாண்டைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் அடிபட்டது அங்கேதான். முதல் பயணத்தில் ஏப்ரல் 13 மதியம் குடும்பத்தோடு போய் இறங்கினோம். பணம் கட்டி வைத்திருந்த விடுதி பூட்டிக் கிடந்தது. ஆட்கள் எல்லாம் ஊருக்குப் போய்விட்டார்கள், கடைத்தெரு முழுக்க அடைப்பு. பிள்ளைகளோடு திண்ணையில் உட்கார்ந்திருந்த எங்களைப் பக்கத்து வீட்டு அம்மா ஒருவர் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். சமையல் இன்னும் ஆகவில்லை, அடுப்பு மூட்ட நேரம் வரவில்லை என்று சொல்லிப் பயத்தம் பணியாரமும் தேநீரும் கொடுத்தார். அப்போதுதான் விளங்கியது. பழைய ஆண்டு போய்ப் புது ஆண்டு பிறக்கும் இடைவெளியைப் புண்ணிய காலம் என்கிறார்கள், சிங்களத்தில் நொனகத. அந்த நேரத்தில் வேலை, சமையல் எதுவும் கிடையாது; கோவில், விகாரை என்று போவார்கள். எப்போது அடுப்பு மூட்டுவது, எந்தத் திசை பார்த்து முதல் கவளம் உண்பது, எப்போது பணம் கைமாற்றுவது என்பதற்கெல்லாம் நேரம் குறித்து முன்பே அறிவிப்பு வரும். தமிழ் வீடுகளில் கோவிலில் கொடுக்கும் மருத்து நீரைத் தலையில் வைத்துக் குளிப்பார்கள். அப்புறம் பெரியவர்கள் பணம் கொடுப்பார்கள். அதற்குப் பெயர் கைவிசேஷம். நம் விஷு கைநீட்டமேதான், பெயர்தான் வேறு.

இந்த விழா வீட்டுக்குள் நடப்பது. உறவினரோ நண்பரோ இருந்தால் மட்டும் போங்கள். இல்லையென்றால் ஏப்ரல் 12 முதல் ஒரு வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள். கேரளத்தில் சில ஆண்டுகள் விஷு 15ஆம் தேதி வரும். அங்கே ஏப்ரல் 13, 14தான் விடுமுறை.

வெசாக் மே மாதப் பௌர்ணமி. புத்தர் பிறந்ததும் ஞானம் பெற்றதும் மறைந்ததும் ஒரே திதியில் என்று கொண்டாடுகிறார்கள். வீட்டுக்கு வீடு மூங்கில் கீற்றும் வண்ணத்தாளும் கொண்டு கட்டிய விளக்குகள் தொங்கும். அதைக் கூடு என்பார்கள், நம் சொல்லே. தெருவில் ஆளுயரத்துக்கும் பல மடங்கு உயரமாகத் தோரணம் எழுப்பிப் புத்தரின் கதையை விளக்கொளியில் ஓடவிடுவார்கள். வழிநெடுக தன்சல், அதாவது அன்னதானம். ஒரு தெருவில் சோறு, அடுத்த தெருவில் ஐஸ்கிரீம், இன்னொன்றில் மரவள்ளிக் கிழங்கு. யாரும் உங்கள் மதத்தைக் கேட்கமாட்டார்கள். நீட்டுகிறவர் கையிலிருந்து இரண்டு கையாலும் வாங்கிக்கொள்ளுங்கள். கொழும்பில் கங்காராமை விகாரையும் அதை ஒட்டிய பேரை ஏரியும் பார்க்க வேண்டியவை. வெசாக்கின் மறுநாளும் விடுமுறை. அடுத்த மாதம் பொசொன். மகிந்தர் பௌத்தத்தைக் கொண்டுவந்த நாள் என்று மிகிந்தலையிலும் அனுராதபுரத்திலும் வெள்ளைச் சேலையும் சாரமுமாகக் கூட்டம் சேரும்.

வைகாசி வந்தால் கண்ணகி. எல்லையில் வாழும் நமக்கு இது சொந்த விஷயம். குமுளிக்கு மேலே பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள் இருக்கும் மங்கலதேவி கண்ணகி கோவில் ஆண்டில் ஒரே நாள், சித்ரா பௌர்ணமியன்று மட்டும் திறக்கும். குமுளியிலிருந்து ஜீப்பில் போகலாம், தமிழ்நாட்டுப் பக்கம் பளியங்குடியிலிருந்து நடந்தும் ஏறலாம். சேரன் செங்குட்டுவன் கண்ணகிக்குக் கோவில் எடுத்தபோது இலங்கைக் கயவாகு மன்னனும் வந்திருந்தான் என்று சிலப்பதிகாரம் சொல்கிறது. அங்கிருந்து கொண்டுபோன வழிபாடுதான் இலங்கையில் சிங்களவருக்குப் பத்தினி தெய்யோவாகவும் தமிழருக்குக் கண்ணகை அம்மனாகவும் நிற்கிறது என்பது அந்த நாட்டு நம்பிக்கை.

மட்டக்களப்புப் பக்கத்தில் பல கண்ணகி கோவில்கள் மங்கலதேவி மாதிரியே ஆண்டுக்கு ஒருமுறை திறப்பவை. வைகாசியில் கதவு திறத்தல் என்று தொடங்கி, பூரணையை ஒட்டித் திருக்குளிர்த்தியோடு முடியும். மதுரையை எரித்த கோபத்தைக் குளிர வைக்கும் சடங்கு அது. முல்லைத்தீவு வற்றாப்பளையில் வைகாசிப் பௌர்ணமியை ஒட்டிய திங்கட்கிழமை பெரும் பொங்கல். அதற்கு முன்பே கடலிலிருந்து தண்ணீர் எடுத்துவந்து அந்த உப்பு நீரில் விளக்கு எரிப்பார்கள். மதுரையிலிருந்து கண்ணகி தங்கிவந்த பத்தாவது இடம், பத்தாம் பளை, என்று பெயர்க் காரணம் சொல்வார்கள். பின்னால் நந்திக்கடல் ஏரி, முன்னால் மணலில் ஆயிரக்கணக்கான பொங்கல் பானைகள். திருவனந்தபுரம் ஆற்றுகாலில் பொங்கல் வைத்துப் பழகிய நம் பெண்கள் அந்தப் புகைக்குள் போனதும் தயக்கமே இல்லாமல் உட்கார்ந்துவிடுவார்கள். 2025இல் மே 12 அன்று மங்கலதேவியும் வெசாக்கும் ஒரே பௌர்ணமியில் வந்தன. அடுத்த பௌர்ணமியை ஒட்டி வற்றாப்பளை. அப்படி அமையும் ஆண்டில் முதல் பௌர்ணமிக்கு மலை ஏறி, இரண்டாவதுக்குக் கடல் கடக்கலாம்.

ஆனியில் நயினாதீவு நாகபூசணி அம்மன் திருவிழா. ஆனிப் பௌர்ணமியில் முடியும். குறிகட்டுவான் துறையிலிருந்து படகில் போக வேண்டும். தீவுக்குள் இருக்கும் தீவு அது. தேரன்று படகுக்கு நீண்ட வரிசை நிற்கும், விடிவதற்குள் துறைக்குப் போய்விடுங்கள்.

கதிர்காமம் எசல பௌர்ணமியை ஒட்டித் தீர்த்தம் ஆகும். யாழ்ப்பாணம் செல்வச்சந்நிதியிலிருந்தும் கிழக்குக் கரை ஊர்களிலிருந்தும் பாதயாத்திரையாகப் போவார்கள். உகந்தை முருகன் கோவில் தாண்டியதும் குமண, யால காடுகள். யாத்திரைக்காரர்களுக்காக அந்தக் காட்டுப் பாதையைச் சில நாள் மட்டும் திறந்துவிடுவார்கள். சபரிமலைப் பெரிய பாதையில் போனவர்களுக்கு இது புரியும். அரிசி, பருப்பு, போர்வை எல்லாம் முதுகில்; வழியில் யானையும் உண்டு. கருவறையில் சிலை தெரியாது. முருகனின் படம் எழுதிய திரைக்குப் பின்னால் கப்புறாளை என்னும் பூசகர் பூசை செய்வார். மாணிக்க கங்கையில் குளித்துவிட்டுப் போய் அந்தத் திரை முன் நிற்கும்போது, பக்கத்தில் சிங்களவரும் அதே மாதிரிக் கைகூப்பி நிற்பார். அருகிலேயே பள்ளிவாசலும் இருக்கிறது, அங்கும் அந்த நாள்களில் கொடியேற்றம் உண்டு.

கண்டி பெரஹர பத்து இரவுகள். முதல் ஐந்து இரவுகளின் ஊர்வலத்துக்குக் 'கும்பல்' என்று பெயர், அடுத்த ஐந்துக்கு 'ரந்தோலி'. கும்பல் ஊர்வலம் சிறியது, கூட்டமும் குறைவு. ரந்தோலியில் ஒவ்வொரு இரவும் கூடிக்கொண்டே போகும். சாட்டை வெடிக்கும் ஓசைதான் முதலில் வரும், பிறகு தீப்பந்தம், கொடிகள், கண்டி மேளம், விளக்கு ஒளிரும் அலங்காரப் போர்வையில் யானைகள். புனிதப் பேழையைச் சுமக்கும் கொம்பன் யானை மண்ணை மிதிக்காதபடி வெள்ளைத் துணி விரித்துக்கொண்டே போவார்கள். புத்தரின் புனிதப் பல்லைக் காக்கும் தலதா மாளிகையின் ஊர்வலத்துக்குப் பின்னால் நாத, விஷ்ணு, கதிர்காமம், பத்தினி தேவாலயங்களின் ஊர்வலங்கள். கடைசியில் வருகிற பத்தினி நம் கண்ணகிதான். பெரும்பாலோர் பேழை போனதும் எழுந்துவிடுகிறார்கள். தயவுசெய்து கடைசி வரை உட்காருங்கள். நெட்டிப்பட்டமும் செண்டைமேளமும் பார்த்து வளர்ந்த யானைப் பிரியர்களுக்கு ஒரு குறிப்பு. பல்லாண்டு பேழை சுமந்து 1988இல் இறந்த ராஜா யானையைப் பதப்படுத்தித் தலதா மாளிகை வளாகத்திலேயே வைத்திருக்கிறார்கள்.

நல்லூருக்கு 25 நாளும் இருக்க வேண்டியதில்லை. பத்தாம் நாள் மஞ்சம், 23ஆம் நாள் சப்பறம், 24 தேர், 25 தீர்த்தம் ஆகியவை முக்கியமானவை. ஒரு நாள்தான் கிடைக்கும் என்றால் தேர். காலை 7 மணியளவில் ஆறுமுகப் பெருமான் தேருக்கு வந்துவிடுவார். நேரம் தவறுவதே கிடையாது. 5 மணிக்கெல்லாம் வீதியில் இருக்க வேண்டும். அர்ச்சனைச் சீட்டு ஒரு ரூபாய். சுற்றுவீதி முழுக்க வெண்மணல் பரப்பியிருக்கும், செருப்புக்கு இடமில்லை. ஆண்கள் அந்த மணலில் உருண்டு வருவதைப் பிரதட்டை என்பார்கள். தூக்குக் காவடி, கற்பூரச் சட்டி, தண்ணீர்ப் பந்தலில் மோர் எல்லாம் உண்டு. தேர் முடிந்து பச்சை சாத்தி முருகன் இறங்கி வரும் காட்சிக்கு வெயிலில் காத்திருப்பது வீண் போகாது. மாலையில் கடைத்தெரு. நாம் கப்பலண்டி என்கிற நிலக்கடலை அங்கே கச்சான். திருவிழாவுக்குப் போனவர்கள் கச்சான் பொட்டலம் இல்லாமல் வீடு திரும்பினால் ஏன் வாங்கிவரவில்லை என்று கேட்பார்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மடு மாதா திருநாள் ஆகஸ்ட் 15. காட்டுக்குள் கூடாரம் அடித்துத் தங்கும் விழா, தமிழரும் சிங்களவரும் சேர்ந்து போவது. தீபாவளியைப் பார்க்க வேண்டுமானால் மலையகத் தோட்டங்கள். சிவனொளிபாதமலைப் பருவம் டிசம்பர் உந்துவப் பௌர்ணமி முதல் வெசாக் வரை. அட்டன் வழியாக நல்லதண்ணி போய் இரவில் ஏறினால் சூரியோதயத்துக்கு உச்சியில் இருக்கலாம். உயரம் 2,243 மீட்டர், பாதை நெடுகப் படிகள், முழங்கால் வலி உள்ளவர்கள் வேண்டாம்.

ஐந்தாம் படி: போகும் வழி

பாஸ்போர்ட்டில் ஆறு மாதமாவது பாக்கி இருக்கட்டும். நுழைவு அனுமதியை இலங்கை அரசின் அதிகாரப்பூர்வ இணையதளத்தில் நீங்களே எடுங்கள். கட்டண விதி அடிக்கடி மாறியிருப்பதால் டிக்கெட் எடுக்கும் அன்றே ஒருமுறை பாருங்கள். திருவனந்தபுரம், மதுரை இரண்டிலிருந்தும் கொழும்புக்கு நேரடி விமானம் உண்டு. புனலூர்ப் பக்கத்துக்காரர்களுக்குத் திருவனந்தபுரம் பக்கம், தென்காசிக்காரர்கள் இரண்டு விலையையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். யாழ்ப்பாணம் மட்டும் போதும் என்றால் சென்னையிலிருந்து அங்குள்ள பலாலி விமான நிலையத்துக்கு விமானம். நாகப்பட்டினத்திலிருந்து யாழ்ப்பாணத்தை அடுத்த காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் கப்பல் தொடங்கியது. வடகிழக்குப் பருவமழையில் அது நின்றுவிடும், ஆடி ஆவணியில் விசாரித்துப் பாருங்கள்.

தங்கும் அறைதான் பெரிய கவலை. கண்டியில் ரந்தோலி நாள்களுக்கும், நல்லூர்த் தேருக்கும் நான்கு மாதம் முன்பே பதிவு செய்யுங்கள். நல்லூருக்கு வெளிநாடுகளில் இருக்கும் யாழ்ப்பாணத்தார் எல்லாம் வந்து குவிவார்கள். அறை கிடைத்ததும் தொலைபேசியில் கூப்பிட்டு, அந்த நாளில் திறந்திருப்பீர்களா என்று வாயால் கேட்டு உறுதி செய்யுங்கள். எனக்கு நடந்தது உங்களுக்கு நடக்க வேண்டாம். கண்டியில் ஊர்வலம் பார்க்கக் கட்டண நாற்காலி உண்டு. இல்லையென்றால் சாலையோரத்தில் மதியமே பாய் விரித்து உட்கார்ந்துவிட வேண்டும், சாயங்காலம் போனால் இடமிருக்காது. போயாவுக்கு முந்தைய மாலையும் விடுமுறை முடியும் மாலையும் பஸ், ரயில் இரண்டிலும் நிற்கக்கூட இடமிருக்காது. அந்த இரண்டு நேரத்திலும் பயணம் வைக்காதீர்கள்.

ஆறாம் படி: கண்டியிலிருந்து நல்லூர் வரை ஒரு திட்டம்

நிகினி பௌர்ணமிக்கு மூன்று நாள் முன்பு கொழும்பில் இறங்கி அன்றே ரயிலில் கண்டி. இரண்டு ரந்தோலி இரவுகள் பாருங்கள். பௌர்ணமி இரவு கடைசி ஊர்வலம், மறுநாள் பகலில் ஒன்று. அப்புறம் மலையகத்தில் மூன்று, நான்கு நாள். பிறகு ஏ9 சாலையைப் பிடித்துக்கொள்ளுங்கள். கண்டியில் தொடங்கி யாழ்ப்பாணத்தில் முடியும் சாலை அது. மாத்தளை முத்துமாரியம்மன், தம்புள்ளைக் குகைகள், மிகிந்தலை எல்லாம் வழியிலேயே. வவுனியாவிலிருந்து மடுவுக்கு மேற்கே திரும்பலாம். 2025 மாதிரி நிலவு ஆகஸ்ட் தொடக்கத்தில் வந்தால் மடுத் திருநாளும் இந்தப் பயணத்துக்குள்ளேயே அடங்கும். சப்பறத்துக்கு முந்தைய நாள் யாழ்ப்பாணம் போய்ச் சேருங்கள். தீர்த்தம் பார்த்துவிட்டு நயினாதீவுக்கு ஒரு நாள், பிறகு ஊர் திரும்பலாம்.

ஏழாம் படி: நடந்துகொள்ளும் முறை

நல்லூரில் ஆண்கள் மேல்சட்டை கழற்றித்தான் உள்ளே போக வேண்டும். நம் பக்கக் கோவில் வழக்கமே என்பதால் சிரமம் இருக்காது. வேட்டி இரண்டு அதிகம் எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே படம் எடுக்கக் கூடாது. விகாரைக்கு வெள்ளை உடை நல்லது. தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், தொப்பி கழற்ற வேண்டும். புத்தர் சிலைக்கு முதுகு காட்டி நின்று செல்ஃபி எடுக்கவே எடுக்காதீர்கள். அங்கே அது பெரிய அவமதிப்பு, காவல் நிலையம் வரை போகும்.

யாழ்ப்பாணத்தில் "ஓம்" என்றால் ஆமாம். கடைக்காரரை அண்ணை என்று கூப்பிடுங்கள். "வாங்கோ, இருங்கோ" என்பார்கள். நம் மலையாளம் கலந்த தமிழ் அவர்களுக்கு வேடிக்கையாகவும் இனிமையாகவும் கேட்கும். புட்டும் சொதியும் வந்ததும் பேச்சு தானாக ஒட்டிக்கொள்ளும். ஒன்று மட்டும்: போர்க்காலத்தைப் பற்றி நீங்களாகக் கிளறிக் கேட்காதீர்கள். அவர்களாகச் சொன்னால் உட்கார்ந்து கேளுங்கள். திருவிழாவுக்கு வந்திருக்கும் அந்தக் கூட்டத்தில் வராமல் போனவர்களுக்காகக் கற்பூரம் கொளுத்துகிறவர்கள் நிறையப் பேர்.

கடைசிப் படி: எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு

தாத்தா, அப்பாயி இருந்த தோட்டத்தைத் தேடிப் போவதாக இருந்தால், புறப்படுமுன் வீட்டில் உள்ள பழைய குடும்ப அட்டையையும் பயண ஆவணத்தையும் எடுத்துப் பாருங்கள். தோட்டத்தின் பெயரோடு டிவிஷன், அதாவது தோட்டத்தின் உட்பிரிவு, பெயரும் அதில் இருக்கலாம். டிவிஷன் தெரியாமல் போனால் ஒரே பெயரில் மேல்கணக்கு, கீழ்கணக்கு என்று அலைய நேரிடும். அட்டனிலோ நுவரெலியாவிலோ ஆட்டோக்காரரிடம் டிவிஷன் பெயரைச் சொன்னாலே போதும். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்கு நேரே போகாமல் முதலில் கோவிலுக்குப் போங்கள். அங்கே தோட்டத் தலைவர் யார், தேர் எந்த மாதம் என்று கேளுங்கள். தோட்டத்துத் தேருக்கு ஊரே கூடும், வெளியூருக்கு வேலைக்குப் போனவர்களும் வந்துவிடுவார்கள். உங்கள் வீட்டுப் பெரியவர் பெயரைத் தெரிந்த ஒருவராவது அன்று கிடைப்பார்.

நான் மாசியில் போனேன். காமன் எரிந்து முடிந்த இரவில் ஒரு பெரியவர் என் அப்பாயியின் பெயரைக் கேட்டதும் கையைப் பிடித்து லயத்தின் கடைசி வீட்டுக்கு அழைத்துப் போனார். வாசலில் அப்பாயி சொல்லிக்கொண்டே இருந்த அந்தக் கல் அம்மி அப்படியே கிடந்தது. இப்போது அங்கே இருக்கும் குடும்பம் அதில்தான் மசாலா அரைக்கிறது. பௌர்ணமி என்பதால் கடைகள் அடைப்பு. அந்த வீட்டிலேயே சாப்பிட்டோம்.